செம்பெருமீனின் உள்ளகத்தில் எரிவது எது? ஒரு முதுகலை ஆய்வேட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரியில் உள்ள கல்லூரி ஒன்றில் முதுகலை இயற்பியல் இறுதியாண்டு படித்த மாணவி ஒருவர், தம் ஆய்வேட்டுக்காகச் செம்பெருமீன் (முதுமையில் வீங்கிச் சிவந்த விண்மீன்) ஒன்றின் அலைவுகளைப் பகுத்து, அதன் உள்ளகத்தில் என்ன எரிகிறது என்று கண்டறிய முற்பட்டார். கடலூர் முதுநகர்ப் பக்கத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து போனவர் அவர். கையில் இருந்தது ஒரு சாதாரண மடிக்கணினி மட்டுமே. வழிகாட்டி அதே கல்லூரியின் பேராசிரியை. தரவுப் பகுப்பாய்வுக்கு நான் துணை நின்றேன். மாணவியின் ஒப்புதலோடு, அவருடைய பெயரும் கல்லூரியின் பெயரும் விண்மீனின் அட்டவணை எண்ணும் இல்லாமல் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இப்படிப்பட்ட ஆய்வேடுகளை எடுக்கும் மாணவர்கள் கூடி வருகிறார்கள் என்பதாலும், இந்த வேலையில் எந்த இடத்தில் வழி பிரிகிறது என்பதை யாராவது விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்பதாலும் இந்தப் பதிவு.

சொந்தமாக வானைப் பார்த்து இதைச் செய்திருக்க முடியாதா என்று பலர் கேட்டார்கள். இந்தக் கரையோர வானத்தின் இயல்பு பழைய செய்தி. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புறப்பட்ட வானியலாளர் லெ ஜெந்தீல், 1761-இல் நடந்ததை நடுக்கடலில் தவறவிட்டு, அடுத்ததற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தபோது, 1769 ஜூன் 4 காலையில் மேகம் சூரியனை மூடிவிட்டது. மேகம் இல்லாவிட்டாலும் இந்த வேலைக்குத் தரையிலிருந்து பார்ப்பது போதாது. நாங்கள் எடுத்த விண்மீன் ஒருமுறை அலைய எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த அலைவால் பிரகாசத்தில் ஏற்படும் மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓர் இரவில் ஓர் அலைவு முழுதாகத் தெரிவதே பெரிது. ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் ஒரே விண்மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் தேவை. அது விண்வெளியில்தான் இருக்க முடியும்.

விண்மீன் ஏன் அலைகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செம்பெருமீனின் வெளி உறையில் வாயு கொதித்துப் புரள்கிறது. அந்தக் கொந்தளிப்பு விண்மீன் முழுவதையும் ஓயாமல் உலுக்கி, ஒலி அலைகளை எழுப்புகிறது. சூரியனில் ஐந்து நிமிட அலைவுகளாக 1960-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டவை இதே வகையைச் சேர்ந்தவை. பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பழுத்திருக்கிறதா என்று சொல்கிறவர் செய்வதைத்தான் விண்மீன் அலைவியலும் செய்கிறது. தட்டுகிற வேலையை மட்டும் விண்மீன் தானே செய்துகொள்கிறது.

இந்த அலைவுகளிலிருந்து முதலில் இரண்டு அளவுகள் கிடைக்கின்றன. அலைவுகள் எந்த அதிர்வெண்ணைச் சுற்றி வலுவாக இருக்கின்றன என்பது ஒன்று. அதை உச்ச அதிர்வெண் என்கிறேன். விண்மீன் முழுவதும் ஒருசேர விரிந்து சுருங்குவது ஆர அலைவு. அடுத்தடுத்த ஆர அலைவுகளின் அதிர்வெண்களுக்கு இடையிலான சீரான தூரம் மற்றொன்று, அது பேரிடைவெளி. உச்ச அதிர்வெண் மேற்பரப்பு ஈர்ப்பையும் வெப்பநிலையையும் காட்டுகிறது. பேரிடைவெளி விண்மீனின் சராசரி அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சூரியனுக்கு இவை முறையே ஏறத்தாழ 3090, 135 மைக்ரோஹெர்ட்ஸ். சூரியனை அளவுகோலாக வைத்து, வெப்பநிலையையும் சேர்த்துக்கொண்டால், எந்தச் செம்பெருமீனின் நிறையையும் ஆரத்தையும் கணக்கிட்டுவிடலாம்.

கேள்வி

நிறையும் ஆரமும் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. சூரியனையொத்த விண்மீன், மையத்து ஹைட்ரஜன் தீர்ந்ததும், எரியாத ஹீலியம் உள்ளகத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜனை எரித்தபடி வீங்கிக்கொண்டே போகிறது. இது ஏறுமுகக் கட்டம். உள்ளகத்தின் வெப்பநிலை ஏறத்தாழ பத்துக் கோடி கெல்வினை எட்டும்போது ஹீலியம் சட்டென்று பற்றிக்கொள்கிறது. பிறகு விண்மீன் சுருங்கி, மையத்தில் ஹீலியத்தை நிதானமாக எரிக்கத் தொடங்குகிறது. இது திரள் கட்டம். ஏறிப் போகிற விண்மீனும், உச்சிக்குப் போய் இறங்கி வந்த விண்மீனும் ஒரே ஆரம், ஒரே ஒளிர்வு, கிட்டத்தட்ட ஒரே நிறத்தோடு இருக்கக்கூடும். வெளியே இருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. உள்ளே இருக்கும் பொருளும் நெருப்பும் முற்றிலும் வேறு.

இந்தக் கேள்விக்கு விடை காணும் வழி 2011-இல் திறந்தது. 2006 டிசம்பரில் ஏவப்பட்ட கோரோ செயற்கைக்கோளின் தரவில், செம்பெருமீன்கள் ஆர அலைவாக மட்டுமின்றி வேறு வடிவங்களிலும் அலைகின்றன என்பது 2009-இல் உறுதியானது. 2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலம் நீண்ட, சீரான தரவைத் தந்ததும், இருமுனை அலைவுகள் (ஒரு பாதி வீங்கும்போது மறுபாதி சுருங்குபவை) நிறமாலையில் ஒற்றைக் கோடாக இல்லாமல் கொத்துக் கொத்தாக வருவது தெரிந்தது. உறையில் ஓடும் ஒலி அலை, மிதப்பு விசையால் எழுந்து உள்ளகத்தில் மட்டும் நிலைக்கும் மிதப்பு அலையோடு கைகோத்துக்கொள்வதே காரணம். இப்படிப் பிறக்கும் கலப்பு அலைவுகள் உள்ளகத்தின் செய்தியை மேற்பரப்பு வரை சுமந்து வருகின்றன. மிதப்பு அலைகள் அதிர்வெண்ணில் சம தூரத்தில் அமைவதில்லை; அலைவு நேரத்தில், அதாவது ஒருமுறை அலைய எடுக்கும் நேரத்தில், சம தூரத்தில் அமைகின்றன. அந்த அலைவுநேர இடைவெளி, ஏறுமுக விண்மீன்களில் 50 விநாடியை ஒட்டியும், ஹீலியம் எரிக்கும் விண்மீன்களில் 100 முதல் 300 விநாடி வரையும் காணப்பட்டது. ஏறுமுக விண்மீனின் உள்ளகம் இறுகி அடர்ந்தது. ஹீலியம் எரியத் தொடங்கியதும் அது விரிகிறது, நடுவில் கொதிக்கும் பகுதி ஒன்று உண்டாகிறது, அங்கே மிதப்பு அலை நுழைய முடியாது. அதனால் இடைவெளி அகல்கிறது.

தரவைத் தேர்ந்த விதம்

2018 ஏப்ரலில் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் தரவையே மாணவி முதலில் எடுக்க விரும்பினார். புதிய தரவு, வானம் முழுவதையும் தழுவியது, பதிவிறக்குவதும் எளிது. சில வாரங்கள் அதில் செலவான பிறகு, வழிகாட்டி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அந்தக் கணக்கே இந்த நிகழ்வின் முதல் திருப்பம்.

விண்மீனின் உச்ச அதிர்வெண் 32 மைக்ரோஹெர்ட்ஸ். அந்த இடத்தில் 60 விநாடி இடைவெளி என்பது அதிர்வெண்ணில் 0.06 மைக்ரோஹெர்ட்ஸ் தூரம்; 300 விநாடி என்பது 0.3 மைக்ரோஹெர்ட்ஸ். எவ்வளவு நெருங்கிய கோடுகளைப் பிரித்துப் பார்க்க முடியும் என்பதோ, எவ்வளவு காலம் பார்த்தோம் என்பதைப் பொறுத்தது. டெஸ் விண்கலத்தின் 27 நாள் பகுதி ஒன்றில் அந்த எல்லை 0.43 மைக்ரோஹெர்ட்ஸ். கெப்ளரின் ஒரு காலாண்டில் 0.13. நான்கு ஆண்டு முழுவதும் சேர்த்தால் 0.008. ஆக, 27 நாள் தரவில் விடை இருக்கவே முடியாது. ஒரு காலாண்டில் ஹீலியம் எரிக்கும் விண்மீனை ஒருவேளை அடையாளம் காணலாம், ஆனால் ஏறுமுக விண்மீனை மறுக்க முடியாது. இரண்டு விடைகளையும் நேர்மையாக எதிரெதிரே நிறுத்த நான்கு ஆண்டுத் தரவு ஒன்றே வழி. அதனால் 2009 முதல், திசைகாட்டும் சக்கரங்களில் இரண்டாவது பழுதான 2013 மே வரை கெப்ளர் எடுத்த முழுத் தரவுக்கு மாறினார்கள். ஏறத்தாழ 29.4 நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில், 65,000 புள்ளிகள் அளவுக்கு இருந்தது அது.

தரவைத் துலக்குவதில் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. கெப்ளர் ஒவ்வொரு காலாண்டும் தொண்ணூறு பாகை திரும்பும். விண்மீன் வேறொரு உணரித் தகட்டில் விழும். பிரகாசம் படிபோல ஏறி இறங்கும். ஒவ்வொரு காலாண்டையும் அதன் நடு மதிப்பால் வகுத்துச் சேர்ப்பது எளிது. அதன்பின் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்க மாணவி முதலில் ஒரு நாள் அகலமுள்ள வடிகட்டியைப் பயன்படுத்தினார். வரைபடம் மிகச் சுத்தமாக இருந்தது. ஆனால் ஒரு நாள் என்பது 12 மைக்ரோஹெர்ட்ஸை ஒட்டியது. அதற்குக் கீழே உள்ள கொந்தளிப்பின் இரைச்சல் வெட்டுப்பட்டதால், அலைவுகளுக்கு அடியில் இருக்கும் பின்னணியைச் சரியாகப் பொருத்த முடியவில்லை. வடிகட்டியைப் பத்து நாளாக அகலப்படுத்தியதும் பின்னணி இயல்பான வடிவத்துக்கு வந்தது. சுத்தமாகத் தெரியும் வரைபடத்தின் மேல் ஐயம் கொள்ளும் பழக்கத்தை இந்த வேலை தொடக்கத்திலேயே கற்றுக்கொடுக்கிறது.

முதலில் தெரிந்தவை

எந்த அதிர்வெண்ணில் அலைவு எவ்வளவு வலுவானது என்று காட்டும் திறன் நிறமாலையில் 26 முதல் 38 மைக்ரோஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு தெளிவாக எழுந்தது. உச்ச அதிர்வெண் 32, பேரிடைவெளி 4.0 மைக்ரோஹெர்ட்ஸ். ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஒளிநிறமாலையிலிருந்து கிடைத்த மேற்பரப்பு வெப்பநிலை 4800 கெல்வின். சூரியனோடு ஒப்பிட்டால் நிறை 1.1 மடங்கு, ஆரம் 10.8 மடங்கு, ஒளிர்வு 55 மடங்கை ஒட்டி வருகிறது. இதோடு ஆய்வேட்டை முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பல ஆய்வேடுகள் இங்கேதான் முடிகின்றன.

ஆனால் அந்த 1.1 என்ற எண்ணே கட்டத்தைப் பொறுத்தது. பேரிடைவெளிக்கும் அடர்த்திக்கும் உள்ள உறவு எல்லா விண்மீன்களுக்கும் ஒரே துல்லியத்தில் பொருந்துவதில்லை. சூரியனுக்கும் செம்பெருமீனுக்கும் உள் அமைப்பு வேறு. இந்த அளவுள்ள ஏறுமுக விண்மீனுக்குச் சுமார் மூன்று சதவீதத் திருத்தம் தேவை; ஹீலியம் எரிக்கும் விண்மீனுக்குத் திருத்தம் ஏறக்குறைய இல்லை. நிறை பேரிடைவெளியின் நான்காம் அடுக்கால் மாறுவதால், மூன்று சதவீதம் நிறையில் பன்னிரண்டு சதவீதமாக விரிகிறது. ஏறுமுகம் என்றால் நிறை 0.97, திரள் என்றால் 1.1. விண்மீனின் ஆயுள் நிறையை மிகவும் சார்ந்தது என்பதால், வயதில் வேறுபாடு ஏறத்தாழ நாற்பது சதவீதம் வரை போகும். உள்ளே என்ன எரிகிறது என்று தெரியாமல் வெளியே எவ்வளவு கனம் என்றும் சொல்ல முடியாது, எவ்வளவு வயது என்றும் சொல்ல முடியாது.

ஜோடிக் கோடுகள்

பேரிடைவெளியின் நீளத்துக்கு நிறமாலையைத் துண்டுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, ஆர அலைவுகளும், இருமுனைக்கு அடுத்த வடிவமான நான்முனை அலைவுகளும் நேரான இரண்டு வரிசைகளாக நின்றன. இருமுனை அலைவுகள் இருக்க வேண்டிய இடத்தில் சிதறிக் கிடந்தது ஒரு காடு. அந்தக் காட்டுக்குள் கோடுகள் ஜோடி ஜோடியாக இருந்தன. ஜோடிக்குள் தூரம் 0.06 மைக்ரோஹெர்ட்ஸ்.

ஏறுமுக விண்மீனுக்கு எதிர்பார்த்த தூரம் அதே 0.06. மாணவி மிகவும் குழம்பிப் போனார். “மேடம், பக்கத்துப் பக்கத்துக் கோட்டை எடுத்தா அறுபது விநாடி வருது. ஜோடிக்கு ஜோடி எடுத்தா முந்நூறு கிட்ட வருது. எதை நம்புறது?” என்று கேட்டார். “இப்ப எதையும் நம்ப வேணாம்மா. ரெண்டுக்கும் வேற வேற விளைவு இருக்கணும், அதைத் தேடு” என்றார் வழிகாட்டி. விண்மீன் தன்னைத்தானே சுற்றினால் ஓர் அலைவு இரண்டாகவோ மூன்றாகவோ பிளவுபடும் என்பது அவர்களுக்குத் தெரியும். செம்பெருமீன்களின் உள்ளகம் மேற்பரப்பைவிடக் குறைந்தது பத்து மடங்கு வேகமாகச் சுற்றுகிறது என்று 2012-இல் கண்டறிந்ததே இத்தகைய பிளவுகளை வைத்துத்தான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, கண்முன் இருக்கும் ஜோடி அதனால்தான் வந்தது என்று காட்டுவது வேறு.

இந்த நேரத்தில் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை வெள்ளமும் மின்தடையும் புதுச்சேரியையும் கடலூரையும் ஒருசேர முடக்கின. கணினி வேலை நின்றுபோனது. நிறமாலையின் முக்கியப் பகுதியை மாணவி அதற்கு முன்பே தாளில் அச்செடுத்து வைத்திருந்தார். ஒரு மைக்ரோஹெர்ட்ஸுக்குப் பத்து சென்டிமீட்டர் என்ற அளவில், ஒட்டிச் சேர்த்த நீண்ட பட்டை. வீட்டில் சன்னல் வெளிச்சத்தில் அதைத் தரையில் விரித்து, அடிக்கோலை வைத்து ஒவ்வொரு தூரத்தையும் மில்லிமீட்டரில் பென்சிலால் குறித்தார். ஜோடிக்குள் தூரம் இடப்பக்கக் கோடியிலும் ஆறு மில்லிமீட்டர், வலப்பக்கக் கோடியிலும் ஆறு மில்லிமீட்டர். ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையே உள்ள தூரமோ இடக்கோடியில் இரண்டு சென்டிமீட்டர், வலக்கோடிக்குப் போகப் போக நான்கைத் தாண்டியது.

விடை அந்தப் பட்டையிலேயே இருந்தது. 60 விநாடி இடைவெளிதான் உண்மை என்றால், 26 மைக்ரோஹெர்ட்ஸில் கோடுகள் 0.04 மைக்ரோஹெர்ட்ஸ் தூரத்திலும், 38-இல் 0.087 தூரத்திலும் நிற்க வேண்டும்; அதாவது நான்கு மில்லிமீட்டரிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் வரை அகல வேண்டும். அகலவில்லை. சுழற்சியால் வரும் பிளவு, மிதப்பு அலை மேலோங்கிய அலைவுகளில், அதிர்வெண்ணைப் பொருட்படுத்தாமல் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். மறுபுறம், ஜோடிகளுக்கு இடையிலான தூரம் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு சேர்ந்து வளர்ந்தது. 290 விநாடி இடைவெளி என்று வைத்துக் கணக்கிட்டால் 0.2-இலிருந்து 0.42 வரை போக வேண்டும், அப்படியே போயிருந்தது. கணினித் திரையில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பெரிதாக்கிப் பார்த்தபோது இந்த வளர்ச்சி கண்ணில் படவில்லை. முழுப் பட்டையையும் ஒரே அளவுகோலில் ஒன்றாகப் பார்த்தபோது பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மின்சாரம் வந்த பிறகு மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன.

செம்பெருமீன்களின் கட்டத்தை வகைப்படுத்தி வெளியிடப்பட்ட அட்டவணைகள் உண்டு. இந்த விண்மீனும் அவற்றில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாணவி தம் முடிவை எழுதி, தேதியிட்டு, வழிகாட்டியிடம் ஒப்படைக்கும் வரை அதைத் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. விடை தெரிந்த பின் கோடுகளைத் தேர்ந்தெடுத்தால், அந்த விடைக்கு ஒத்துவராத கோடுகள் தாமாகவே இரைச்சலாகத் தெரியத் தொடங்கிவிடும். இந்த முடிவில் வழிகாட்டி காட்டிய உறுதி இந்த வேலையின் தரத்தை மிகவும் உயர்த்தியது என்று கருதுகிறேன்.

இரண்டாவது, நான்கு ஆண்டுத் தரவை இரண்டிரண்டு ஆண்டாகப் பிரித்து இரண்டிலும் ஜோடிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. காரணம் நுட்பமானது. இந்த அலைவுகளை எழுப்புவது தாறுமாறான கொந்தளிப்பு. ஒலி அலை மேலோங்கிய அலைவுகள் சில வாரங்களில் தேய்ந்து, மறுபடி எழுகின்றன. அதனால் அவற்றின் கோடு 0.1 மைக்ரோஹெர்ட்ஸ் அளவுக்கு அகன்றிருக்கும். நீண்ட தரவில் அந்த அகன்ற ஒற்றைக் கோடு பல முட்களாக உடைந்து தெரியும். இரண்டு முட்கள் தற்செயலாக 0.06 தூரத்தில் நின்றால் அதுவும் ஜோடியாகவே தோன்றும். உண்மையான பிளவு இரண்டு பாதியிலும் அதே இடத்தில் நிற்கும். முட்கள் இடம் மாறும். இந்தச் சோதனையில் சில ஜோடிகள் கரைந்துபோயின, அவை பெரும்பாலும் இருமுனை ஒலி அலைவின் நடு இடத்தை ஒட்டியவை. அவற்றை நீக்கி, ஆனால் நீக்கிய பட்டியலையும் பின்னிணைப்பில் சேர்த்து, மீதமுள்ளவற்றை வைத்தே கணக்கு போடப்பட்டது.

மூன்றாவது, கையா விண்கலம் தந்த தொலைவைக் கொண்டு ஆரத்தைத் தனியே கணக்கிட்டு, அதை நடுவராக வைக்கலாமா என்ற கேள்வி. ஏறுமுகம் என்றால் திருத்திய ஆரம் 10.1 மடங்கு, திரள் என்றால் 10.8. வேறுபாடு ஆறு, ஏழு சதவீதம். வெப்பநிலையில் 80 கெல்வின் பிழை இருந்தாலே ஆரத்தில் மூன்று சதவீதத்துக்கு மேல் பிழை வந்துவிடும். இடைப்பட்ட விண்தூசி ஒளியைக் குறைப்பதால் வரும் பிழை அதற்கு மேல். ஒத்துப்போகிறதா என்று பார்க்க இது உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது. அந்த அளவிலேயே ஆய்வேட்டில் அது இடம்பெற்றது.

பிறகு நடந்தது

எஞ்சிய ஜோடிகளின் நடுப்புள்ளிகளை எடுத்து, கலப்பு அலைவுகளுக்கான முழு வாய்ப்பாட்டில் பொருத்தியபோது, மிதப்பு அலைகளின் இடைவெளி 290 விநாடியை ஒட்டி அமைந்தது. விண்மீன் திரள் கட்டத்தில் இருக்கிறது, மையத்தில் ஹீலியம் எரிகிறது என்று மாணவி எழுதி ஒப்படைத்தார். அதன் பிறகு திறந்து பார்த்த அட்டவணையும் அதே கட்டத்தைக் குறித்திருந்தது. நிறை இரண்டின் பிழை எல்லைக்குள் ஒத்தது. கையா தந்த ஆரமும் முரண்படவில்லை.

வயதைப் பற்றி மட்டும் ஆய்வேடு அடக்கமாகவே பேசியது. திரள் கட்டத்துக்கு வந்த விண்மீன் ஏறுமுகத்தின் உச்சியில் தன் வெளி உறையில் ஒரு பங்கை இழந்துவிட்டு வந்திருக்கும். இன்றைய நிறை 1.1 என்றால் பிறந்தபோது அதைவிடக் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை இந்த அலைவுகள் சொல்வதில்லை. ஆகவே வயதுக்கு ஒற்றை எண் கொடுக்காமல், நிறை இழப்பு எவ்வளவு என்ற அனுமானத்தோடு சேர்த்து ஒரு வரம்பாகவே கொடுத்தார்கள்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்ட கேள்வி கூர்மையானது. இருமுனை அலைவு சுழற்சியால் மூன்றாகப் பிளவுபட வேண்டும். நீங்கள் காட்டுவது இரண்டு. நடுக்கோடு எங்கே என்றார். விண்மீனின் சுழல் அச்சு நம் பார்வைக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக இருந்தால் நடுக்கோடு மறைந்துவிடும், வெளிக்கோடுகள் இரண்டு மட்டும் தெரியும், அப்படியானால் உள்ளகம் ஒருமுறை சுற்ற 190 நாள் அளவு ஆகிறது என்றார் மாணவி. தெரிவது நடுக்கோடும் ஒரு வெளிக்கோடும் என்றால் அதில் பாதி நாள் ஆகும். ஆனால் அப்போது மறுபக்கத்து வெளிக்கோடு எல்லா ஜோடிகளிலும் காணாமல் போயிருக்க வேண்டும், அது இயல்பன்று என்றும் சேர்த்துக்கொண்டார். எந்த நாள் கணக்கை ஏற்றாலும், இவ்வளவு இறுகிய உள்ளகம் இவ்வளவு மெதுவாகச் சுற்றுவது இன்றைய கோட்பாடுகளுக்குச் சங்கடமானது. சுருங்கும் பொருள் வேகமாகச் சுழல வேண்டும்; உள்ளகத்தின் சுழற்சியை ஏதோ ஒன்று உறைக்குக் கடத்திவிடுகிறது. அது என்ன என்பது இத்துறையில் தீராத கேள்வி. ஒரு முதுகலை ஆய்வேடு தன் சொந்த அளவீட்டோடு அந்தக் கேள்வியின் வாசல் வரை போய் நின்றது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தரவைத் தொடுவதற்கு முன்பே பிரிதிறன் கணக்கைப் போட வேண்டும். உச்ச அதிர்வெண்ணின் வர்க்கத்தை எதிர்பார்க்கும் அலைவுநேர இடைவெளியால் பெருக்கினால் தேவையான நுட்பம் தெரிந்துவிடும்; பார்த்த காலத்தின் தலைகீழ் அதைவிடப் பல மடங்கு சிறியதாக இருக்க வேண்டும். அரைப் பக்கத்தில் முடிகிற இந்தக் கணக்கு சில வாரங்களை மிச்சப்படுத்தியிருக்கும்.

எடுக்கும் விண்மீனில் இருமுனை அலைவுகள் போதிய வலுவோடு இருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கெப்ளர் பார்த்த செம்பெருமீன்களில் ஒரு பகுதியில் அவை வியக்கத்தக்க அளவுக்கு மங்கியிருக்கின்றன. உள்ளகத்தில் வலுவான காந்தப்புலம் இருந்தால் அங்கே நுழைந்த அலை திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் என்ற விளக்கம் 2015-இல் முன்வைக்கப்பட்டது. அத்தகைய விண்மீனைத் தேர்ந்திருந்தால் இந்த வழி முழுவதும் அடைபட்டிருக்கும். காந்தப்புலம் மிதமாக இருந்தால் பிளவுபட்ட மூன்று கோடுகள் சமச்சீர் இழக்கின்றன. 2022-இல் மூன்று செம்பெருமீன்களின் உள்ளகக் காந்தப்புலத்தை அளந்தது அந்தச் சமச்சீரின்மையைக் கொண்டுதான். நடுக்கோடு தெரியாத எங்கள் விண்மீனில் அந்தச் சோதனைக்கே இடமில்லை. அதனால் மூன்று கோடுகளும் தெரியும் விண்மீனைத் தேர்ந்தால் மாணவருக்குக் கூடுதலாக ஒரு வாயில் திறக்கும்.

உச்ச அதிர்வெண் 32 என்பது தொடக்கநிலை மாணவருக்குக் கடினமான இடம். உச்ச அதிர்வெண் 100 மைக்ரோஹெர்ட்ஸை ஒட்டிய ஏறுமுக விண்மீன் ஒன்றில், 70 விநாடி இடைவெளியே 0.7 மைக்ரோஹெர்ட்ஸாக விரிந்து நிற்கும். கெப்ளர் தரவில் கண்ணாலேயே எண்ணலாம். கட்டம் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த அப்படியொரு விண்மீனில் முழுப் பகுப்பாய்வையும் ஒருமுறை செய்து முடித்துவிட்டு, அதே நிரலை மாற்றாமல் தெரியாத விண்மீனின் மேல் ஓட்ட வேண்டும் என்று வழிகாட்டியும் நானும் முடிவு செய்திருக்கிறோம். அடுத்த ஆண்டு மாணவர் அந்த வரிசையில்தான் தொடங்கினார். ஒரே அளவுகோலில் அச்செடுத்த நீண்ட பட்டை, அடிக்கோல், பென்சில் மூன்றும் இப்போது அந்தத் துறையில் இந்த வேலையின் முறையான ஒரு கட்டமாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. ஜோடிகளை நிரல் எண்ணுவதற்கு முன் மாணவர் கையால் எண்ணி, அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும்.